மவுஸ் சக்கரமும் மூங்கில் திரையும்

அந்த ஆன்ட்டி சனிக்கிழமை பத்தரை மணிக்கு வந்து ஐந்தாம் கணினியில் உட்கார்ந்தார். நகர மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். அவர் மாடித் தாழ்வாரத்தில் மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, வழுக்குகிறது, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை விழப்போனார். நாங்கள் அடித்துத் தருகிறோம் என்று சொன்னோம். "நானே அடிக்கிறேன், கத்துக்கத்தானே வந்தேன்" என்றார். தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, பன்னிரண்டரைக்குள் முக்கால் பக்கம் முடித்திருந்தார்.

அப்புறம், எழுதியதை முதலிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்க்கலாம் என்று மவுஸ் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டியிருக்கிறார். கடிதம் காணாமல் போய்விட்டது.

உண்மையில் அது எங்கும் போகவில்லை. மவுஸ் அம்பு அந்த நேரத்தில் விண்டோவின் மேல்விளிம்பிலுள்ள தலைப்புப் பட்டைமேல் நின்றிருக்கிறது. அங்கே சக்கரத்தை மேல்நோக்கி உருட்டினால் விண்டோ முழுவதும் சுருண்டு, தலைப்புப் பட்டை மட்டும் ஒரு கோடாக நிற்கும். கீழ்நோக்கி உருட்டினால் திரும்ப விரியும். ஆனால் பதறிய கை அம்பைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டது. இப்போது சக்கரம் உருட்டுவது பின்னாலிருக்கும் வேறொரு விண்டோவை. அங்கே அவருடைய கடிதம் இல்லை.

அவர் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு இன்றுவரை உறுத்துவது இதுதான். நான் மூன்று மேசை தள்ளித்தான் இருந்தேன். "ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல" என்று தனக்குள் முடிவு செய்துகொண்டு, திரையில் தனியாக நின்ற அந்தப் பட்டையை மூடப் பார்த்திருக்கிறார். சேமிக்கவா என்று கேட்டது. வெறும் பட்டையில் சேமிக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, வேண்டாம் என்று அழுத்திவிட்டார். அவர் கடிதம் அடித்த லிப்ரே ஆபீஸ் செயலி இடையிடையே தானாக எடுத்து வைத்துக்கொள்ளும் பிரதி, செயலி திடீரென்று விழுந்தால் உதவும். நாமே வேண்டாம் என்று சொல்லி மூடினால் உதவாது. இரண்டு மணி நேர வேலை போனது. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அந்தச் சுருட்டும் வசதியை எடுத்துவிடலாமா வேண்டாமா என்று அடுத்த மூன்று மாதம் நாங்கள் அடித்துக்கொண்டதன் கதை இது. பார்க்கப்போனால் ஒரு சின்ன விஷயம். அதற்குள் இவ்வளவு இருக்கும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

எங்கள் அறை

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அறை. பதினொரு கணினிகள், எல்லாமே அலுவலகங்கள் கழித்துவிட்டவை. திரைகளும் பழையவை, பெரும்பாலானவை 1366க்கு 768. சனிக்கிழமைகளில் நான்கைந்து பேர் தொண்டூழியம் செய்கிறோம். எனக்கு வார நாட்களில் மென்பொருள் வேலை. என்னோடு ஒரு பாலிடெக்னிக் மாணவி வருகிறாள், கைவேகம் அதிகம், பொறுமை குறைவு. வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டிய தமிழர்கள். சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளம், மசே நிதி (மத்திய சேம நிதி) அறிக்கை, பேரப்பிள்ளைகளின் படம், ஊருக்கு ஒரு கடிதம், இவைதான் அவர்கள் வேலை.

பழைய பெட்டிகளுக்குக் கனம் தாங்காது என்பதால் சுபுண்டு என்ற கனம் குறைந்த லினக்ஸ் போட்டிருக்கிறோம். அதன் முகப்பு எக்ஸ்எஃப்சிஇ. 1996இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம், எலிதான் சின்னம். விண்டோக்களுக்குச் சட்டம் போடுவது, நகர்த்துவது, பெரிதாக்குவது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எல்லாம் அதிலுள்ள எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்ற சாளர மேலாளரின் பொறுப்பு. சாளரம் என்று எழுதலாம்தான். அறையில் அப்படி யாரும் பேசுவதில்லை, விண்டோ என்றுதான் சொல்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த மேலாளரில் விண்டோவைச் சுருட்ட பல வழிகள் உண்டு. தலைப்புப் பட்டையில் ஒரு பொத்தான் இருக்கிறது. பட்டையில் வலது பக்கம் சொடுக்கினால் வரும் பட்டியலிலும் இருக்கிறது. விரும்பினால் விசைப்பலகையில் ஒரு குறுக்குவழி வைத்துக்கொள்ளலாம், இரட்டைச் சொடுக்குக்குக்கூட அந்த வேலையைக் கொடுக்கலாம். கடைசியாக, மவுஸ் சக்கரம். சக்கரத்துக்கான அமைப்பு யாரும் தொடாவிட்டால் இயங்கும் நிலையிலேயே வருகிறது. மற்ற வழிகளில் எதையும் நாம் தேடிப் போய்த் தொட வேண்டும். சக்கரம் மட்டும் நம்மைத் தேடி வந்துவிடும்.

இன்னொரு கோளாறும் உண்டு. எல்லா விண்டோவும் சுருளாது. சில செயலிகள் தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்கின்றன, அவற்றுக்கு மேலாளர் சட்டம் போடுவதில்லை. சட்டம் இல்லாத விண்டோவைச் சுருட்ட மாட்டேன் என்று எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 விட்டுவிடும். ஆகவே லிப்ரே ஆபீஸ் சுருளும், அதற்குப் பக்கத்திலேயே திறந்திருக்கும் வேறொரு செயலி சுருளாது. எது எப்போது செய்யும் என்று பழகியவனுக்கே பிடிபடாது. புதியவர் எதை வைத்துப் பழகுவார்?

இது எங்கிருந்து வந்தது

முதல் மெக்கின்டாஷ் 1984இல் வந்தபோது அதன் திரை 512க்கு 342 புள்ளிகள்தான். அவ்வளவு சின்ன இடத்தில் நாலு விண்டோ திறந்தால் ஒன்று மற்றதை முழுதாக மறைத்துவிடும். வெளியார் ஒருவர் எழுதிய விண்டோஷேட் என்ற சின்னக் கருவி அதற்கு வழி சொன்னது: விண்டோவை இருந்த இடத்திலேயே சுருட்டு, பின்னால் இருப்பதைப் பார், திரும்ப விரி. ஆப்பிளுக்குப் பிடித்துப்போய் 1994இல் சிஸ்டம் 7.5இல் அதைச் சேர்த்துக்கொண்டது. 1997இல் வந்த மெக் ஓஎஸ் 8இல் அதற்கென்றே தலைப்புப் பட்டையில் ஒரு பெட்டியும் வந்தது. 2001இல் மெக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது எல்லாம் போய்விட்டது, விண்டோவைக் கீழே டாக் என்ற பட்டைக்கு அனுப்பினால் போதும் என்றார்கள். பழகியவர்கள் விடவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கூடுதல் மென்பொருள் விற்பனைக்கே வந்தது.

லினக்ஸ் பக்கம் கதை வேறு. மெட்டாசிட்டி என்ற சாளர மேலாளரை எழுதிய ஹேவக் பெனிங்டன், ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று 2002இலேயே எழுதினார். கூடுதலாக ஒரு தேர்வு வைத்தால் அதைச் சோதிக்க வேண்டும், மற்றவற்றோடு சேரும்போது என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும், அமைப்புப் பக்கத்தில் அது இடத்தையும் அடைக்கும். சுருட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சுருண்ட விண்டோவை முழுத்திரையாக்கினால் என்ன? சுருட்டியபடியே கீழே அனுப்பித் திரும்ப எடுத்தால் சுருண்டே வருமா, விரிந்து வருமா? சுருண்டிருக்கும்போது செயலி ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பெட்டியை எங்கே காட்டுவது? ஆன்ட்டிக்கு வந்த 'சேமிக்கவா' கேள்வி அந்த மாதிரி ஒன்றுதான்.

நீக்கியவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட கதைகளும் நிறைய. உபுண்டு என்ற லினக்ஸ் 2010 ஏப்ரலில் மூடும் பொத்தானை இடப்பக்கம் கொண்டுபோனது, ஏழு வருஷம் கழித்து 17.10 பதிப்பில்தான் வலப்பக்கம் திரும்பியது. 2011இல் வந்த க்னோம் 3 என்ற லினக்ஸ் முகப்பு, விண்டோவைக் கீழே அனுப்பும் பொத்தானையே எடுத்துவிட்டது. பணிப்பட்டையே இல்லை, எங்கே அனுப்புவது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் பிழை இல்லை. ஆனால் பல வருஷமாக அந்த மூலைக்குப் போய்ப் பழகிய கை வாதமெல்லாம் கேட்காது.

எங்கள் பிரச்சினைக்கு மிக நெருங்கிய உதாரணம் விண்டோஸில் இருந்தது. 2009இல் விண்டோஸ் 7இல் ஒரு வசதி வந்தது. ஒரு விண்டோவின் தலைப்பைப் பிடித்து ஆட்டினால் மற்ற விண்டோக்கள் எல்லாம் கீழே போய்விடும். கை நடுங்கும் பெரியவர் ஒருவர் விண்டோவை நகர்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிடவில்லை. தொடக்கத்தில் அணைத்து வைத்திருக்கிறது, வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். நாங்களும் அதையே செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையின் பெரும்பகுதி.

"அது நிழல் இல்லை தம்பி"

முதலில் எடுத்துவிடச் சொன்னவள் அந்த மாணவி. "அண்ணா, யாருமே யூஸ் பண்ணாத ஒண்ணு. கோடிங்கையே தூக்கிடலாம். நான் பேட்ச் எழுதறேன்." அவள் எழுதிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதுவது பிரச்சினையே இல்லை. மேலாளருக்கு ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அந்த ஒட்டுவேலையை நாங்களே மறுபடி போட்டு, தொகுத்து, சோதிக்க வேண்டும். அவள் அடுத்த வருஷம் படிப்பு முடித்துப் போய்விடுவாள். பதினொரு பழைய பெட்டிக்காக ஒரு சாளர மேலாளரின் தனிக் கிளையை யார் சுமப்பது? அந்த யோசனையை அன்றே மூடிவிட்டோம். கோபித்துக்கொண்டு கோப்பி வாங்கப் போனாள், திரும்பி வரும்போது எனக்கும் ஒரு கோப்பி ஓ இருந்தது.

ஆனால் 'யாருமே பயன்படுத்துவதில்லை' என்று அவள் சொன்னதை நானும் நம்பினேன். அதை உடைத்தவர் ஆசிரியர் ஐயா.

ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் மென்பொருளில் தமிழ்த் தட்டச்சு பழகியவர். 1997இல் சிங்கப்பூரில் தமிழ்க் கணினி பற்றிய தமிழ்நெட் மாநாடு நடந்தபோது பார்வையாளராகப் போய் உட்கார்ந்திருந்ததை இன்றும் சொல்வார். இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகள், ஆகவே அறிவிப்பு, துண்டுத்தாள் என்று எது வந்தாலும் தமிழிலும் வரும். தெரிந்தவர்கள் தங்கள் மொழிபெயர்ப்பை அவரிடம் அனுப்பிப் பிழை பார்க்கச் சொல்வார்கள். சனிக்கிழமை எங்கள் அறையில் அவருடைய வேலை அதுதான்.

எப்படிப் பார்க்கிறார் என்று அன்றுதான் பக்கத்தில் நின்று கவனித்தேன். ஆங்கில மூலம் அடியில், தமிழ் அதற்கு மேல், இரண்டும் ஒரே அளவு, ஒரே இடம். தமிழில் ஒரு பத்தி படிப்பார். அம்பைத் தலைப்புப் பட்டைக்குக் கொண்டுபோய் சக்கரத்தை ஒரு தட்டு. தமிழ் சுருண்டு மேலே ஏறும், அடியில் ஆங்கிலம் தெரியும். படிப்பார். இன்னொரு தட்டு, தமிழ் இறங்கி வரும். இடக்கையில் அகராதி. அந்தக் கை விசைப்பலகைக்கு வருவதே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே ஐயா என்று கேட்டதற்கு, "இந்தத் திரையில ரெண்டை வெச்சா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும்" என்றார். பார்த்தால் உண்மைதான்.

அவரிடம் இந்த வசதியை எடுக்கப்போகிறோம் என்று சொன்னபோது, மாணவி தயாரித்து வைத்திருந்த தமிழ்ப் பட்டியலைக் காட்டினாள். எக்ஸ்எஃப்சிஇயின் பட்டியல் சொற்கள் சிலவற்றை எங்கள் அறைக்காக நாங்கள் எளிய தமிழில் மாற்றிக்கொண்டிருந்தோம். சுருட்டும் கட்டளைக்கு அவள் போட்டிருந்த சொல் 'நிழலாக்கு'. ஆங்கிலத்தில் இதற்கு ஷேட் என்று பெயர், ஷேட் என்றால் நிழல்தானே என்று நேராக மாற்றிவிட்டாள். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அது நிழல் இல்லை தம்பி. கடைவீட்டு அஞ்சடி நடைபாதையில வெயிலுக்குத் தொங்கவிடுவாங்களே மூங்கில் திரை, அது. காலையில இறக்குவாங்க, சாயந்திரம் சுருட்டி மேல கட்டுவாங்க. கடைக்குள்ள இருக்கிற சாமான் எங்கேயும் போகாது."

நான் பல வருஷமாக இந்த வசதியைப் பற்றிக் கேட்ட விளக்கங்களில் இதுதான் ஆகத் தெளிவு. சரி, பட்டியலில் 'சுருட்டு', 'விரி' என்று மாற்றினோம். 'நிழலாக்கு' என்பதைப் படித்து யாராவது என்னவென்று புரிந்துகொண்டிருப்பார்களா? ஆன்ட்டிக்கு அது காட்டப்பட்டிருந்தாலும் பயன்பட்டிருக்காது.

அப்புறம் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "டைப்ரைட்டர் முறையிலயும் இங்க யாரும் அடிக்கறதில்லையே, அதையும் எடுத்துடுவீங்களா?" எங்கள் கணினிகளில் தமிழ்99 இருக்கிறது, பழைய தட்டச்சுப்பொறி முறை இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறையும் இருக்கிறது. 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 முடிவான பிறகும் மற்ற இரண்டையும் யாரும் தூக்கியெறியவில்லை. மாணவியிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் அன்று இல்லை, எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் தோன்றியது. விசைப்பலகை முறை என்பது ஓரத்தில் கிடக்கும் ஓர் அட்டவணை. தேர்ந்தெடுக்காதவரை அது யார் வழியிலும் குறுக்கே வராது. தட்டச்சுப்பொறி முறை தெரியாத ஆன்ட்டி தவறிப்போய் அதற்குள் விழுந்தால்கூட, முதல் எழுத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும், எழுதியது எதுவும் கண்ணை விட்டு மறையாது. சக்கரம் அப்படி இல்லை. தெரியாதவரும் அதற்குள் விழுவார், விழுந்தது தெரியாது, வெளியே வரும் வழியும் தெரியாது.

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை அன்றோடு விட்டேன். தெரியாதவர் அதில் மாட்டுவாரா, மாட்டினால் தானே வெளியே வருவாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. சுருட்டுவது ஒன்று, சுருட்டவைக்கும் சக்கரம் இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டு நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

ஓர் ஓரச் செய்தி. ஐயா கையால் எழுதும்போது இன்றும் 'லை', 'ணை' எல்லாம் தும்பிக்கை வைத்துத்தான் எழுதுவார். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, இங்கும் பிறகு அதையே ஏற்றார்கள், அவரே வகுப்பில் புது எழுத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார். பலகையில் ஒன்று, சொந்தக் குறிப்பேட்டில் ஒன்று. கேட்டால், "பசங்களுக்கு ஒரு வழி, என் கைக்கு ஒரு வழி" என்பார். நான் அப்போது இதை யோசிக்கவில்லை, ஆனால் கடைசியில் எங்கள் தீர்வும் ஏறக்குறைய அங்கேதான் போய் நின்றது.

அங்கிளின் பொத்தான்

அடுத்த கூட்டத்தில் இரண்டு முடிவு. சக்கரத்தை அணைப்பது. தலைப்புப் பட்டையிலிருந்து சுருட்டும் பொத்தானையும் எடுப்பது. பொத்தானை எடுக்கச் சொன்னது நான்தான். அது கீழே அனுப்பும் பொத்தானுக்கு ஒட்டி நிற்கிறது, குறி தவறினால் அதே கதை மறுபடி நடக்கும். ஐயாவுக்கு விசைப்பலகைக் குறுக்குவழி ஒன்று கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவருடைய இடக்கையில் அகராதி இருப்பதை நேரில் பார்த்த பிறகும் இப்படி நினைத்தேன். மென்பொருள்காரன் புத்தி.

எல்லாக் கணினியிலும் ஒரேயடியாக மாற்றாமல், சுவரோரம் இருந்த ஐந்தில் மட்டும் மாற்றினோம். நான்கு சனிக்கிழமை அப்படியே விட்டோம். யாராவது எதையாவது தேடினால், கேட்டால், முணுமுணுத்தால்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

மாற்றிய ஐந்தில் விண்டோ காணாமல் போன கதை ஒன்றுகூட வரவில்லை. மாற்றாத பக்கத்தில் ஒரு மாமாவிடமிருந்து வந்தது. இத்தனைக்கும் அந்த மாமா கைதேர்ந்தவர், முன்பு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்த்தவர். அவரே மூன்று விண்டோவைச் சுருட்டிவிட்டு "கம்ப்யூட்டர் ஹேங்" என்று கூப்பிட்டார். இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான்.

மூன்றாவது வாரம் இன்னொரு அங்கிள் வந்தார். சுவரோரம் உட்கார்ந்தவர் எழுந்து, சாலையோரக் கணினிக்கு மாறிக்கொண்டார். என்ன அங்கிள், அங்கே வெயில் அடிக்குமே என்றேன். "அந்தப் பக்கம் என் பட்டன் இல்லை."

எந்தப் பட்டன்? காட்டினார். மசே நிதி அறிக்கையைப் பதிவிறக்கித் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தாளில் கணக்கு எழுதுகிறார். பின்னால் யாராவது நடந்து வரும் சத்தம் கேட்டதும் சுருட்டும் பொத்தானை ஓர் அமுக்கு. பட்டை மட்டும் நிற்கும். ஆள் தாண்டிப் போனதும் இன்னோர் அமுக்கு. கீழே அனுப்பினால் ஆகாதா என்று கேட்டேன். "கீழ போனா எது எதுன்னு எனக்குத் தெரியாது. இது இங்கயே நிக்குது. என் கண்ணு முன்னாடி." அவருடைய சேமிப்பு எவ்வளவு என்பது பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. பொது அறையில் உட்கார்ந்து பணக் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு, சட்டென்று மூடிச் சட்டென்று திறக்கும் திரை தேவைதான். இப்படி ஒரு பயன்பாடு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் யாருடைய கணினிக்குப் பின்னாலும் வேற்றாள் நடப்பதில்லை.

அவர் இதை ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. சொல்லாமல் போன ஆன்ட்டி, சொல்லாமல் இடம் மாறிய அங்கிள். எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அதுவரை இருந்ததெல்லாம் வாய்விட்டுக் கேட்டவர்களின் குறைகள் மட்டும்தான்.

பொத்தானை எடுக்கும் யோசனையை வாபஸ் வாங்கினேன். ஆனால் பழைய இடத்தில் வைக்கவில்லை. எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4இல் பொத்தான்களைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் வைக்கலாம். வலப்பக்கம் கீழே அனுப்புவது, பெரிதாக்குவது, மூடுவது என மூன்று மட்டும். சுருட்டும் பொத்தான் இடப்பக்க மூலையில், பட்டியல் பொத்தானுக்குப் பக்கத்தில். கை தவறிப்போய் அங்கே போகாது, வேண்டியவர் கை தானாகப் போகும். அங்கிள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார். பழகும்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

பூட்டிய தவறு

இனி ஐயாவின் சக்கரம். வேண்டியவர் தன் அமைப்பில் போட்டுக்கொள்ளட்டும் என்பது தனி ஆள் கணினிக்குச் சரி. எங்கள் அறையில் எல்லாரும் ஒரே கணக்கில் நுழைகிறார்கள். வெளியேறும்போது எல்லாம் அழிந்து, அடுத்தவருக்குப் புதிதாகத் திறக்கும். ஒருவர் சிங்பாஸ் போட்டதன் சுவடு அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆகவே இங்கே யாருக்கும் சொந்த அமைப்பு என்று ஒன்று கிடையாது. தொடக்கநிலை எதுவோ அதுதான் எல்லாருக்கும் எப்போதும். மைக்ரோசாஃப்ட் வழி எங்களுக்குப் பொருந்தாமல் போனது இதனால்தான்.

இதற்கு நடுவில் நானே ஒரு வேலை செய்துவைத்தேன். சக்கரத்தை அணைத்ததோடு நிற்காமல், எக்ஸ்எஃப்சிஇ தன் அமைப்புகளை வைத்துக்கொள்ளும் எக்ஸ்எஃப்கான்ஃப் கோப்பில் அந்த அமைப்பைப் பூட்டியும் விட்டேன். எக்ஸ்எஃப்சிஇயில் நிர்வாகி ஒரு மதிப்பைப் பூட்டினால் சாதாரணப் பயனர் மாற்ற முடியாது. யாராவது விளையாட்டாக மாற்றிவிடக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை. அடுத்த சனிக்கிழமை ஐயா வந்தார், சக்கரம் வேலை செய்யவில்லை, அமைப்புப் பக்கத்தைத் தானே கண்டுபிடித்துப் போனார், அங்கேயும் முடியவில்லை. குறுக்குவழி விசையைக் காட்டினேன். அகராதியை மேசையில் வைத்துவிட்டு அழுத்தினார், எடுத்தார், பக்கத்தைத் தேடினார், வைத்தார், அழுத்தினார். அரை மணி நேரம் கழித்து "தம்பி, நான் வீட்டுல தாள்ல பார்த்துக்கறேன்" என்று எழுந்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னார்.

இதற்கு வழி கண்டுபிடித்தது யார் என்று பார்த்தால், மாணவி. திங்கட்கிழமை இரவு எனக்குச் செய்தி அனுப்பினாள்: பூட்டை எடுங்கள், முகப்பில் ஒரு படம் வைக்கிறேன், அதைச் சொடுக்கினால் சக்கரம் இயங்கும், வெளியேறினால் தானாகப் பழையபடி அணைந்துவிடும். எக்ஸ்எஃப்கான்ஃப் கட்டளை ஒரே ஒரு வரி. வெளியேறும்போது எல்லாம் அழியும் என்ற அதே தடையையே அவள் தீர்வாக மாற்றிவிட்டாள். கோடிங்கையே தூக்கிடலாம் என்றவள்தான். பேட்ச் எழுதியிருந்தால் சில நூறு வரி போயிருக்கும், இப்போது ஒரு வரி வந்தது.

படத்துக்குப் பெயர் வைக்க அதிகம் யோசிக்கவில்லை. 'மூங்கில் திரை'. ஐயா அடுத்த வாரம் வந்து அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை சொடுக்கினார், அகராதியை எடுத்தார், வேலையைத் தொடங்கினார்.

மாற்றம் இப்போது பதினொன்றிலும் இருக்கிறது. சக்கரம் தொடக்கத்தில் அணைந்திருக்கும், பூட்டு இல்லை. பொத்தான் இடப்பக்க மூலையில். பட்டியலில் 'சுருட்டு'. இரட்டைச் சொடுக்கு வழக்கம்போலப் பெரிதாக்கும்.

இது எத்தனை நாள் நிற்கும் என்பது எங்கள் கையில் இல்லை. எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 எக்ஸ்11 என்ற பழைய அடித்தளத்தின் மேல் நிற்கிறது. உலகம் வேலேண்டு என்ற புதிய அடித்தளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே விண்டோவுக்கும் மேலாளருக்கும் இடையிலுள்ள அடிப்படை உடன்படிக்கையில் பெரிதாக்கிய நிலை உண்டு, முழுத்திரை நிலை உண்டு, சுருட்டிய நிலை என்று ஒன்று கிடையாது. செயலியே தன் தலைப்பை வரைந்துகொண்டால், பட்டை எங்கே முடிகிறது, உள்ளடக்கம் எங்கே தொடங்குகிறது என்பது மேலாளருக்குத் தெரியாது, பிறகு எதைச் சுருட்டுவது? சட்டத்தைத் தானே போடும் மேலாளர்களால் மட்டும் முடியும். 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20 வேலேண்டை முயற்சி அளவில் ஆதரிக்கிறது, அதற்கு லேப்டபிள்யூசி போன்ற வேறு மேலாளர்களைச் சேர்த்துக்கொள்கிறது. லேப்டபிள்யூசியில் சுருட்டல் இருக்கிறது. மாற வேண்டிய நாள் வந்தால் முதலில் சோதிக்க வேண்டியது இதுதான் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அங்கே ஐயாவின் பெயரும் அங்கிளின் பெயரும் இருக்கிறது, அவர்களை உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும் என்பதற்காக.

ஆன்ட்டி தீபாவளி முடிந்து ஒருநாள் வந்தார், கையில் முறுக்கு டப்பா. கடிதத்தை மகனைக் கொண்டு ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டாராம், தாழ்வாரத்தை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று என்ன நடந்தது என்று சொன்னேன், கடிதம் பின்னால் பத்திரமாகத்தான் இருந்தது, தப்பு உங்களுடையது இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. "அப்ப ஏன் தம்பி அது கோடு மாதிரி ஆச்சு?" என்று கேட்டார். மூங்கில் திரை படத்தைச் சொடுக்கி, சுருட்டிக் காட்டி, விரித்துக் காட்டினேன். நாலைந்து தடவை அவரே செய்து பார்த்தார். பிறகு, "இது எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு முகப்பிலிருந்த படத்தைப் பிடித்து இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். மாணவி வாயைத் திறந்தாள், நான் கண்ணைக் காட்டினேன். வெளியேறி மறுபடி நுழைந்தால் அது திரும்ப வந்துவிடும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் வாராவாரம் வருகிறார், வந்ததும் முதல் வேலையாக அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்.